வீட்டில் ஒருவருக்கு ஸ்கேபிஸ்: கொரோனா போன்ற தொற்றுக் காலத்தில் குடும்பத்தோடு தீர்ப்பது எப்படி?

பகலில் லேசாக இருக்கிற அரிப்பு, ராத்திரி போர்வைக்குள் உடம்பு சூடானதும் தூங்கவிடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடை என்று பரவும். சில வாரங்களில் பக்கத்தில் படுக்கிற பிள்ளையும் சொறிய ஆரம்பிக்கும். இதுதான் ஸ்கேபிஸ். ஊர்ப்பேச்சில் சொறி, சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண் உண்ணி தோலுக்குள் குடியேறுவதால் வருவது. மருந்து எல்லா ஊரிலும் கிடைக்கிறது, முறையாகப் பூசினால் தீர்ந்தும் விடுகிறது. ஆனாலும் பல வீடுகளில் மாதக்கணக்கில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் பூசுகிற விதத்தில்தான் கோளாறு.

கொரோனா ஊரடங்கில் குடும்பங்கள் முழு நாளும் ஒரே வீட்டுக்குள் அடைந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து பலரும் அரிப்பைப் பொறுத்துக்கொண்டார்கள். துருக்கியிலும் ஸ்பெயினிலும் அந்தக் காலத்தில் ஸ்கேபிஸ் கூடியதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நேரத்தில்தான் அடிக்கடி கை கழுவுவதும், சானிடைசர் போடுவதும், வெளியே போய்வந்தால் குளிப்பதும் நமக்குப் பழக்கமாயின. வைரஸுக்கு எதிராக இவை நல்ல பழக்கங்கள், விட வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேபிஸ் உண்ணியை இவை தொடக்கூட மாட்டா. மருந்து பூசிய இரவில் கை கழுவினால் மருந்துதான் போகும். அதனால் தொற்றுக் காலத்தில் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

உண்ணியின் கணக்கு

பெண் உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக்கொண்டே போகும், நாளுக்கு 2 அல்லது 3 முட்டை இடும். முட்டை 3, 4 நாளில் பொரியும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர ஏறக்குறைய 2 வாரம் ஆகும். சாதாரண ஸ்கேபிஸில் ஒரு உடம்பு முழுக்கத் தேடினாலும் 10, 15 உண்ணிகள்தான் இருக்கும். உடம்பெங்கும் வருகிற அரிப்பும் தடிப்பும் உண்ணியின் உடலுக்கும் கழிவுக்கும் நம் உடல் காட்டுகிற ஒவ்வாமை. அரிக்கிற இடத்தில் மட்டும் மருந்து தடவினால் தீராததற்கு இதுதான் காரணம். அரிக்கிற இடம் ஒன்று, உண்ணி இருக்கிற இடம் வேறொன்றாக இருக்கலாம்.

முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த ஒரு மாதமும் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி தொற்றினால் 1 முதல் 4 நாளிலேயே அரிப்பு வந்துவிடும். "எனக்கு அரிப்பே இல்லை, எனக்கு எதுக்கு மருந்து?" என்று ஒதுங்கிக்கொள்கிற அப்பாவோ தாத்தாவோதான் பல வீடுகளில் உண்ணியைக் காப்பாற்றி வைத்திருப்பார்.

பரவுவது தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதால். ஒரே பாயில் படுப்பது, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது, தம்பதிகளின் நெருக்கம், நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டுவது எல்லாம் இதில் சேரும். கைகுலுக்குகிற ஒரு நொடியில் வழக்கமாகத் தொற்றாது. முகக்கவசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மனித உடம்பை விட்டு விலகினால் உண்ணி 2, 3 நாளுக்கு மேல் தாங்காது. நாய்க்கு வருகிற சொறி உண்ணி வேறு வகை. அது மனிதத் தோலில் கொஞ்ச நாள் அரிப்பைத் தரும், குடியேறிப் பெருகாது.

அழுக்கால் வருகிற நோய் என்று நினைத்துப் பலரும் இதை மறைக்கிறார்கள். தினம் இரண்டு வேளை குளிக்கிறவருக்கும் வரும். வளைக்குள் இருக்கிற உண்ணியைச் சோப்பால் அலச முடியாது. மறைப்பதால் சொந்தக்காரர்களுக்கும் பரவும், அவர்களிடமிருந்து திரும்ப உங்கள் வீட்டுக்கே வரும்.

சானிடைசர் புண்ணா, ஸ்கேபிஸா?

கை கழுவிக் கழுவி வருகிற தோல் அழற்சியும் அரிக்கும். அதுவும் விரல் இடுக்கில், மோதிரத்துக்கு அடியில் தொடங்கலாம். அதனால் விரல் இடுக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

சானிடைசர், சோப்பால் வந்தது என்றால் புறங்கையும் விரல் முட்டிகளும் காய்ந்து, சிவந்து, வெடித்திருக்கும். அரிப்பைவிட எரிச்சல் தூக்கலாக இருக்கும். சானிடைசர் பட்டதும் சுரீரென்று எரியும். கையைத் தாண்டி இடுப்பிலோ அக்குளிலோ ஒன்றும் இருக்காது, வீட்டில் வேறு யாருக்கும் அரிக்காது. கழுவியதும் ஈரம் முழுக்கக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி வந்தால் சில நாளில் தேறும்.

ஸ்கேபிஸ் என்றால் ராத்திரி அரிப்பு கூடும். விரல் இடுக்கோடு மணிக்கட்டின் உட்புறம், முழங்கை, அக்குளின் முன்மடிப்பு, தொப்புளைச் சுற்றி, புடவையோ வேட்டியோ இறுக்கிக் கட்டும் இடம், பிட்டம், பெண்களுக்கு மார்க்காம்பைச் சுற்றி, ஆண்களுக்கு ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் சிறு பருக்கள் இருக்கும். பெரியவர்களுக்கு முகத்தில் பொதுவாக வராது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எங்கும் வரும். சில சமயம் நீர்க்கொப்புளமாகவும் இருக்கும். ஆணுறுப்பில் அரிக்கும் கட்டிகள், இடுப்பில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம், ஸ்கேபிஸ் என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

வளையை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. விரல் இடுக்கிலோ மணிக்கட்டிலோ சில மில்லிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறமாக நெளிகிற மெல்லிய கோடு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். அதன் மேல் ஃபவுண்டன் பேனா மையை ஒரு சொட்டு வைத்து, சில நிமிடம் விட்டு, சானிடைசரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மேல்தோலில் பட்ட மை போய்விடும். வளை இருந்தால் அதற்குள் இறங்கிய மை மட்டும் நெளிகோடாக நிற்கும். கோடு தெரிந்தால் ஸ்கேபிஸ்தான். தெரியாவிட்டால் ஸ்கேபிஸ் இல்லை என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பலருக்கும் சொறிந்து சொறிந்து வளை சிதைந்திருக்கும். புண்ணான இடத்திலும் குழந்தைகளின் தோலிலும் இதைச் செய்ய வேண்டாம்.

போனில் டாக்டரைப் பார்க்கும்போது

இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச்சில் வெளிவந்தன. இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே அரசு டாக்டரிடம் பேசவும் முடிகிறது. ஆனால் வீடியோவில் ஸ்கேபிஸ் பருக்கள் மங்கலாகத்தான் தெரியும். முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னலோரம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், முதலில் கை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று, பிறகு ஒரு சாண் தூரத்தில் அந்த இடத்தை மட்டும் ஒன்று. திரையில் பருவின் மேல் விரலால் தொட்டுத் தெளிவாக்கிய பிறகு எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கலாம். அந்தரங்க இடத்தின் படத்தை அனுப்பத் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும்.

ஒரு தாளில் இவற்றை எழுதிவைத்துப் படியுங்கள்: வீட்டில் மொத்தம் எத்தனை பேர், ஒவ்வொருவரின் வயதும் எடையும், யார் யாருக்கு அரிப்பு, எப்போதிலிருந்து, கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ உண்டா, வலிப்பு உள்ளவர் உண்டா, இதுவரை என்ன பூசினீர்கள், கொரோனாவுக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் யாராவது உண்டா. அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து எழுதினால், "வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்குவது பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும். அப்படிக் கிடைப்பதில் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், உண்ணியோ தடையில்லாமல் பெருகும். பருக்களின் உருவமும் மாறிப்போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

எந்த மருந்து, எவ்வளவு

வழக்கமாக எழுதுவது பெர்மெத்ரின் 5% கிரீம். அட்டையில் 5% என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1% என்றிருந்தால் அது தலைப்பேனுக்கானது, ஸ்கேபிஸுக்குப் போதாது. சராசரி உடல்வாகுள்ள பெரியவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம், அதாவது ஒரு சிறிய டியூப் முழுவதும் வேண்டும். பருமனானவருக்கு 60 வரை போகலாம். 5 முதல் 12 வயதுக்குப் பாதி டியூப், 1 முதல் 5 வயதுக்குக் கால் டியூப், 2 மாதத்திலிருந்து 1 வயது வரை எட்டில் ஒரு பங்கு. அப்பா, அம்மா, பாட்டி, 10 வயதுப் பையன், 4 வயதுப் பெண் உள்ள வீட்டுக்கு ஓர் இரவுக்கு 112.5 கிராம். 30 கிராம் டியூப் 4 வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டியிருப்பதால் மொத்தம் 8. ஒரே டியூபை ஐந்து பேருக்குப் பங்குவைத்தால் யாருக்கும் தீராது, அந்தக் காசும் வீண். வாங்கச் சிரமமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பெர்மெத்ரின் கொடுப்பது வழக்கம், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பூசலாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கந்தகக் களிம்பைத் தொடர்ந்து 3 இரவு பூசச் சொல்வார்கள். நாற்றம் அடிக்கும், துணியில் கறை பிடிக்கும், ஆனால் பழைய, நம்பகமான மருந்து. பென்சைல் பென்சோயேட் 25% வெள்ளைத் திரவம் பெரியவர்களுக்கு வேலை செய்யும், சொறிந்த புண்ணில் பட்டால் நன்றாக எரியும். குழந்தைகளுக்கு அதை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு லோஷன் இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. அது மூளை நரம்புகளைப் பாதித்து வலிப்பு வரவைக்கக் கூடியது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது அரிப்பை ஆற்றலாம். அதையே வைத்தியமாக நம்பி மாதத்தைக் கடத்தாதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில், பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஆகியவை தோலை வேகவைத்துவிடும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள். பிறகு பல ஊர்களிலும் வந்தது. மனிதர் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. அந்த அறிவுரை ஸ்கேபிஸுக்கும் அப்படியே பொருந்தும்.

பூசும் இரவு

எல்லோரும் வீட்டில் இருக்கிற ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். சனியோ ஞாயிறோ வசதி. அரிப்பு இருப்பவரும் இல்லாதவரும் ஒரே இரவில் பூச வேண்டும். இன்று இருவர், நாளை மூவர் என்று பிரித்தால் பூசாதவரிடமிருந்து பூசியவருக்கு உண்ணி திரும்பி வந்துவிடும். கடந்த ஒரு மாதத்தில் உங்களோடு தங்கிப் படுத்த சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "அண்ணி, பாப்பாவுக்கு ஸ்கேபிஸ்னு டாக்டர் சொன்னாங்க. போன மாசம் எல்லாரும் ஒண்ணாப் படுத்திருந்தோம்ல, அதனால உங்களுக்கும் இருக்கலாம். அரிப்பு இல்லேன்னாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி மருந்து பூசிடுங்க. நாங்களும் அன்னிக்குத்தான் பூசுறோம்."

அன்று மாலையே எல்லோருக்கும் நகம் வெட்டிவிடுங்கள். சொறியும்போது உண்ணியும் முட்டையும் நகத்தடியில் சேரும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, பாத்திரம் கழுவி, குழந்தைக்குப் பால் கொடுத்து, கை நனைகிற வேலை எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். குளிப்பதானால் சாதாரணத் தண்ணீரில் குளித்து, துடைத்து, உடம்பு நன்றாகக் காய்ந்து ஆறும்வரை காத்திருங்கள். வெந்நீரில் குளித்த கையோடு பூசினால் மருந்து தோலின் மேலடுக்கில் தங்காமல் உள்ளே இழுக்கப்படும்.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். அரைஞாண் கயிறு, தாலிக்கயிறு, மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு ஆகியவற்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கயிற்றுக்கு அடியில் இருக்கிற தோல் உண்ணிக்குப் பாதுகாப்பான இடம். கழற்ற மனமில்லை என்றால் கயிற்றை மேலே தள்ளி அடியில் பூசி, மறுபடி கீழே தள்ளி மேல்பக்கமும் பூசுங்கள். குழந்தையின் அரைஞாணைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

இனிப் பூசுவது. தாடைக்குக் கீழே கழுத்தில் தொடங்கி உள்ளங்கால் வரை, ஓர் அங்குலம் விடாமல். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கு அடியில் உள்ள மடிப்பு, தொப்புளுக்குள், பிட்டத்தின் பிளவு, பிறப்புறுப்பின் வெளிப்புறம், ஒவ்வொரு விரல் இடுக்கு, கால்விரல் இடுக்கு, உள்ளங்கால். முதுகுக்கு இன்னொருவர் உதவட்டும். நகத்தடிக்கு ஒரு பழைய டூத்பிரஷில் மருந்தைத் தொட்டுத் தேய்த்து, பிரஷைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2 வயதுக்கு உட்பட்டவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தலை, நெற்றி, காது, முகத்திலும் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுப் பூச வேண்டும். மெல்லிய படலமாகப் பரவினால் போதும். ஐந்து பத்து நிமிடத்தில் காய்ந்ததும் துவைத்த துணியைப் போட்டுக்கொண்டு துவைத்த விரிப்பில் படுங்கள்.

மருந்து தோலில் 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். எட்டரைக்குப் பூசி மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளித்தால் பத்தரை மணி நேரம் ஆகும். இஷா என்ற இரவுத் தொழுகையை முடித்த உடனே பூசுகிறவர்கள், சுபுஹு என்ற விடிகாலைத் தொழுகைக்குக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் நேரத்தை முன்னதாகவே கணக்குப் பார்த்து, 8 மணி நேரம் முழுமையாகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிக்குப் பிடித்த இடம் கை. நாம் அடிக்கடி கழுவுவதும் கையைத்தான். பூசிய பிறகு தண்ணீர் குடித்த டம்ளரை அலம்பினாலும், பழக்கதோஷத்தில் சானிடைசர் தேய்த்தாலும், உடனே இரண்டு கைக்கும் விரல் இடுக்கோடு மறுபடி மருந்து பூச வேண்டும். கழிப்பறைக்குப் போய்க் கால் கழுவி வந்தால் கையோடு சேர்த்து அந்த இடத்துக்கும் பூச வேண்டும். இதற்காக டியூபில் கொஞ்சம் மிச்சம் வைத்து, சோப்புக்குப் பக்கத்திலேயே டியூபை வையுங்கள், கழுவியதும் கண்ணில் படும். தொற்றுக் காலத்திலும் அந்த ஒரு ராத்திரி வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்தால் கை கழுவ வேண்டிய தேவையே குறைந்துவிடும். குழந்தை விரல் சப்புமானால் கையில் சுத்தமான பருத்திக் காலுறையை மாட்டிவிடுங்கள். பால் கொடுக்கிற தாய் கொடுக்கும் முன் மார்க்காம்பைக் கழுவி, கொடுத்து முடித்ததும் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும்.

முதல் பூச்சுக்குத் தப்பிய முட்டைகள் அந்த வாரத்தில் பொரிந்துவிடும். அவை வளர்ந்து முட்டையிடும் முன் பிடிக்க, 7 நாள் கழித்து எல்லோரும் மறுபடி இதே மாதிரி பூச வேண்டும். ஞாயிறு பூசினால் அடுத்த ஞாயிறு. அரிப்பு குறைந்துவிட்டது என்று இரண்டாவதைத் தவிர்த்த வீடுகளில்தான் சில வாரம் கழித்து மறுபடி தொடங்குகிறது. அதே சமயம், தினம் தினம் பூசவும் கூடாது. தோல் காய்ந்து எரிந்து புது அரிப்பு வரும், அதை ஸ்கேபிஸ் என்று நினைத்து இன்னும் பூசுவார்கள்.

ஒருவர் தனி அறையில் இருந்தால்

கொரோனாவோ வேறு தொற்றோ வந்து ஒருவர் தனிமையில் இருக்கும்போது வீட்டில் ஸ்கேபிஸ் தெரியவந்தால், அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் பூசக் கூடாது. தனிமைக்குப் போகும் முன்பே உண்ணி அவரிடம் இருந்திருக்கும். மருந்தையும், பூசும் முறை எழுதிய தாளையும், மாற்றுத்துணியையும் அறை வாசலில் வைத்துவிட்டு, அதே இரவு அதே நேரத்தில் அவரையும் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டாத முதுகுக்கு நீளக் கைப்பிடியுள்ள குளியல் பிரஷில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி அதன் மேல் மருந்தைத் தடவித் தேய்க்கலாம். கடும் காய்ச்சலில் வியர்த்துக் கொட்டினால் மருந்து நிற்காது. காய்ச்சல் இறங்கும்வரை ஓரிரு நாள் வீட்டில் எல்லோருமே தள்ளிப்போடுங்கள். மூச்சுத்திணறலோ ஆக்சிஜன் குறைவோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், ஸ்கேபிஸ் காத்திருக்கும்.

தானே பூச முடியாத முதியவர் என்றால், பார்த்துக்கொள்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சீக்கிரம் பூசிவிட்டு வெளியே வந்து, கையுறையைக் கழற்றிக் கை கழுவி, அதற்குப் பிறகு தனக்குப் பூசிக்கொள்ள வேண்டும். தனக்கு முதலில் பூசிக்கொண்டால் கை கழுவும்போது அது போய்விடும்.

துணியும் படுக்கையும்

வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. சுவரிலும் தரையிலும் உண்ணி வாழாது. வைரஸுக்காகத் தரை துடைப்பது வேறு கணக்கு. கடந்த 3 நாளில் உடுத்திய துணி, துண்டு, தலையணை உறை, போர்வை, குழந்தையின் தூளிச் சேலை ஆகியவற்றை மட்டும் கவனித்தால் போதும். 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நிமிடம் இருந்தால் உண்ணியும் முட்டையும் செத்துவிடும். அடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றித் துணியை முழுக அமுக்கி மூடிவையுங்கள். துணி சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் அரை மணி நேரம் விடுவது பாதுகாப்பு. பிறகு வழக்கம்போல் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினில் 60 டிகிரி இருந்தால் அதையே போடலாம். பச்சைத் தண்ணீரும் சோப்பும் வைரஸைப் போக்கும், உண்ணிக்கு அவற்றை நம்ப முடியாது.

வெந்நீர் தாங்காத கம்பளி, பட்டு, துணிப் பொம்மைகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் உண்ணி தானாகச் சாகும். கோரைப்பாய், மெத்தை, ஜமக்காளத்தை வெயிலில் போட்டுத் தட்டி, 3 நாள் யாரும் படுக்காமல் விட்டால் போதும். இதையெல்லாம் மருந்து பூசுகிற அன்றே செய்ய வேண்டும். முந்தின வாரம் துவைத்துவைத்தால் பலன் இல்லை. விடுதி, மில் குடியிருப்பு, தனிமை முகாம் போன்ற இடங்களில் ஒருவர் எழுந்த விரிப்பை அடுத்தவருக்கு அப்படியே கொடுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஐவர்மெக்டின் மாத்திரை

கொரோனா அலைகளின்போது ஐவர்மெக்டின் பல வீடுகளில் வாங்கிக் குவிக்கப்பட்டது. கொரோனாவுக்கு அதை ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் கூறியது. ஸ்கேபிஸுக்கு அது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து. அளவு உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். சாப்பாட்டோடு ஒரே வேளையாகக் கொடுத்து, 7 முதல் 14 நாளில் இன்னொரு முறை கொடுப்பார்கள், ஏனென்றால் அது முட்டையை அழிக்காது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை எடுத்துக் குத்துமதிப்பாக ஆளுக்கொன்று கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு எதைக் கவனிப்பது

மருந்து சரியாக வேலை செய்திருந்தாலும் செத்த உண்ணிகள் தோலில் இருக்கும்வரை 2 முதல் 4 வாரம் அரிப்பு நீடிக்கும். படுக்கும் முன் செட்டிரிசின் போன்ற மாத்திரையை டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். காலமைன் லோஷனும் தேங்காய் எண்ணெயும் உதவும். முதல் பூச்சு முடிந்த மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம்.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தச் சீழில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சில குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தில் அழற்சி வரும். காலையில் எழும்போது முகமும் இமையும் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தொற்றுப் பயத்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத அறிகுறி இது.

முதியவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கையிலும் முழங்கையிலும் நகத்தடியிலும் தடித்த செதிலாகப் படிந்தால் அது பொருக்கு ஸ்கேபிஸ். அரிப்பு குறைவாக இருக்கும், ஆனால் உண்ணிகள் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில் இருக்கும். உதிர்கிற செதில் வழியாக, அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்துகூடப் பரவும். இதற்குக் கிரீம் மட்டும் போதாது. கிரீமும் மாத்திரையும் சேர்த்துப் பல தவணையாகத் தோல் மருத்துவரே கொடுக்க வேண்டும், அதுவரை அவர் அறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பூச்சுக்கு 4 வாரம் கழித்து எல்லோருடைய விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். புதுக் கோடுகளோ புதுப் பருக்களோ இருந்தால், யார் பூசவில்லை, யார் கை கழுவினார், எந்தச் சொந்தக்காரர் வந்து தங்கினார் என்று விசாரித்துவிட்டு டாக்டரிடம் பேசி முதலிலிருந்து தொடங்குங்கள். அக்குளிலோ விதைப்பையிலோ பழைய கட்டிகள் மட்டும் அரித்துக்கொண்டிருந்தால் அவை ஒவ்வாமைக் கட்டிகள், சில மாதம்கூட நிற்கும். அவற்றுக்குப் பெர்மெத்ரினை மேலும் மேலும் பூசாமல், தனி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.